பொண்டியில் கட்டிய விமானம்

பரிஸில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைக்க, அவர் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம் போதும். அரியரத்தினத்துக்கு வைத்த பெயர் 'பிளேன் அரி'. அங்கே ஒரு மரக்கறிக் கடையின் கமியோன் லொறி ஓட்டுகிறவர் அவர். விடியப்புறம் றுன்ஜிஸ் சந்தைக்குப் போய்ப் பெட்டிகளை ஏற்றிவந்து கடை வாசலில் இறக்குவார். மற்றபடி சீட்டு, கட்சி, கோயில் சபை என்று ஒன்றிலும் தலைபோடாத மனிதர். அப்படிப்பட்டவர் 2010இல் விமானம் கட்டப்போகிறேன் என்றால் சும்மா விடுவார்களா?

"அண்ணை, உங்கடை பிளேனிலை முருங்கைக்காய் ஏத்தலாமோ?" என்று ஒருவன் கேட்டான். "அண்ணை, யாழ்ப்பாணத்துக்கு ரிக்கெற் என்ன விலை?" என்று இன்னொருவன். அரியரத்தினம் எல்லோருக்கும் "ஓம், ஓம், சொல்லுறன்" என்று பதில் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்குவார். சிரிக்கிறவர்களுக்கு என்ன, வாய்க்கு வாடகையா கொடுக்கிறார்கள்.

அவர்களுக்குத் தெரியாத காரணம் ஒன்று இருந்தது. 2009இல் வன்னியில் அவருடைய தம்பி பெண்சாதி பிள்ளைகளோடு பங்கருக்குள் செத்துப்போனான். மேலே வந்து குண்டு போட்டது விமானம். செய்தி வந்த பிறகும் றுன்ஜிஸுக்குப் போகத்தானே வேண்டும்? சந்தைக்குப் பக்கத்திலேயே ஓர்லி விமான நிலையம். தலைக்கு மேலால் தாழ இறங்குகிற விமானத்தின் வயிற்றைப் பார்த்ததும் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பல தடவை கமியோனை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கிடந்தார். டொக்டர் குளிசை கொடுத்தார். குளிசையால் நித்திரை வந்தது, நடுக்கம் போகவில்லை. கடைசியில் அவருக்குத் தோன்றியது ஒன்றுதான். இந்தச் சாமானுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஆணி ஆணியாகப் பார்க்கவேண்டும். பார்த்தால் பயம் போய்விடும். விமானத்தை ஒருவரும் கழற்றிப் பார்க்கத் தரமாட்டார்கள். அதனால் கட்டிப் பார்ப்பது என்று முடிவெடுத்தார்.

பரிஸின் புறநகரான பொண்டியில் அவர்களுக்குக் கராஜோடு ஒரு சிறிய வீடு இருந்தது. நீட்டு நீட்டு மரப்பெட்டிகளில் அலுமினியத் தகடுகளும் குழாய்களும் பை பையாக றிவெட்டு ஆணிகளும் வந்து இறங்கின. விமானம் துண்டு துண்டாக வரும், வாங்குகிறவர்தான் படத்தைப் பார்த்துப் பொருத்தவேண்டும். அவருடைய மனைவி நாகேஸ்வரி பெட்டிகளைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"உங்களுக்கு விசரோ? பிளேன் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழை போற குடும்பத்துக்கு வீட்டுக்குள்ளை ஒரு பிளேன்."

"இது ரெண்டு பேர் மட்டும் போற சின்னன், நாகேஸ். ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாது."

"அதைக் குண்டு போடுறவன் வந்து சொல்லட்டும்" என்றுவிட்டு அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

நாகேஸ்வரி பொபினியில் ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை செய்தாள். பிள்ளைகளை அதட்டுகிற அளவுக்குப் பிரெஞ்சு, ஊரை அதட்டுகிற அளவுக்குத் தமிழ். அவளுக்கு விமானம் பிடிக்கவேயில்லை. ஆனாலும் ஒரு ஆள் பிடிக்க ஒரு ஆள் அடிக்கவேண்டிய வேலை அதில் எக்கச்சக்கம். மகள் தர்மிளா கையில் எண்ணெய் படும் என்று ஓடிவிடுவாள். கடைசியில் தகட்டைப் பிடித்தது நாகேஸ்வரிதான். பிடித்துக்கொண்டே ஏசினாள். கராஜ் நிரம்பியதும் ஒரு செட்டை, விமானத்தின் சிறகு, விறாந்தையைத் தாண்டி ஹோலுக்குள் வந்தது. அதன் மேல் துணி விரித்து அவள் மிளகாய் காயப்போட்டாள்.

பெர்னார் வந்ததே சண்டைக்குத்தான். பின்தெருவில் இருந்தவர், இரயில் பெட்டி திருத்தும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், வாழ்நாள் முழுக்க ஒரு சின்ன விமானக் கழகத்தில் பறந்தவர். ஞாயிற்றுக்கிழமையும் காற்றுப் பம்பு இரைகிறது என்று முறையிட வந்தார். கராஜ் கதவு திறந்ததும் வால் பகுதியைக் கண்டார், வந்த விஷயம் மறந்துபோய்விட்டது. "இந்த வரிசை றிவெட்டை யார் அடித்தது? கோணல்" என்றார். அன்றைக்கே அதைக் குடைந்து எடுத்து, இருவரும் மறுபடி அடித்தார்கள். அடுத்த ஞாயிறு பெர்னார் தன்னுடைய கருவிப் பெட்டியோடு வந்தார். அதற்கடுத்த வாரம் அவருடைய மனைவி சுசான் ஒரு அப்பிள் கேக்கோடு வந்தார். நாகேஸ்வரி பதிலுக்கு றோல்ஸ் கொடுத்தனுப்பினாள். அதோடு அந்த இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்துத் தொடங்கிவிட்டது.

ஏழு வருடம் அப்படிப் போனது. அரியரத்தினம் பெர்னாரின் கழகத்திலேயே பறக்கப் படித்து உரிமமும் எடுத்தார். ஓர்லியைத் தாண்டும்போது கை நடுங்குவது எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது. தம்பியின் சாவைப் பற்றி அவர் வாய் திறந்து சொன்ன ஒரே ஆள் பெர்னார். சொல்லி முடிய பெர்னார் அடுத்த றிவெட்டை எடுத்து நீட்டினார். அந்த மனிதரின் ஆறுதல் சொல்கிற விதம் அதுதான், அரியரத்தினத்துக்கு அது போதுமாயிருந்தது.

விமான உடலின் இடது பக்கத்தில் சட்டைப் பித்தான் அளவு ஒரு வட்ட உலோகத் துண்டு பொருத்தினார்கள். அதன் நடுவில் ஊசி நுழைகிற மாதிரி ஒரு துளை. அதைப் பொருத்திய அன்று பெர்னார் விரலை உயர்த்திச் சொன்னார்.

"அரி, வெளிக்காற்றின் அழுத்தம் இந்தத் துளையால்தான் உள்ளே போகிறது. எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம் என்று காட்டுகிற முள்ளெல்லாம் இதை நம்பித்தான் ஆடும். இதில் ஒரு பூச்சி கூடு கட்டினாலும் முள் பொய் சொல்லும். இதைத் தொடாதே. அடைத்தால் உள்ளே குழாயைக் கழற்றி ஊதித்தான் எடுக்கவேண்டும்."

அரியரத்தினம் தலையாட்டினார். பெயின்ற் அடித்தபோது அதற்கு மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, பிறகு தன் கையாலேயே உரித்தார். தெரியாமல் செய்த பிழை என்று பின்னாளில் யாராவது சொன்னால் அது சரியல்ல. தெரிந்தவர்தான் அவர்.

2017 வசந்தத்தில் விமானத்தைக் கழற்றிப் பரிஸுக்குக் கிழக்கே இருந்த கழகத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பொருத்தினார்கள். முதல் பறப்பு ஒரு ஞாயிறு காலை என்று முடிவாயிற்று. புதிதாகக் கட்டிய விமானத்தை முதலில் அனுபவசாலி ஒருவர்தான் தனியே ஏற்றிப் பார்க்கவேண்டும் என்பது கழகத்தில் வழக்கம். அதனால் பெர்னார் ஏறுவது, அடுத்தது அரியரத்தினம்.

நாகேஸ்வரி ஒரே பிடியாய் நின்றாள். லாச்சப்பலில் கார் வாங்குகிறவன்கூடக் கோயில் வாசலில் நிறுத்தி, சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்துத்தானே முதல் அடி எடுக்கிறான். விமானத்துக்கு ஒன்றுமில்லையா? குருக்களிடம் போய் ஞாயிறு காலையில் ஒரு நேரமும் குறித்து வாங்கிவந்தாள். சனி பின்னேரம் சந்தனம், குங்குமம், பழம், பூ, ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் என்று எல்லாவற்றோடும் கழகத்துக்கு வந்து இறங்கினாள்.

"கற்பூரம் கொளுத்தாதையும். பெற்றோல் நிக்கிற இடம்" என்றார் அரியரத்தினம்.

அவள் முகத்தை நீட்டினாள். தேங்காயை எடுத்தாள்.

"அதையும் இஞ்சை உடைக்கேலாது. ஓடுபாதையிலை சிரட்டை கிடந்தால் எங்களைக் கலைச்சுப்போடுவாங்கள்."

"அப்ப என்னத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனியள்? பொட்டாவது வைக்கலாமோ, அதுக்கும் பெர்னாரைக் கேக்கவேணுமோ?"

"பொட்டு வையும்" என்றார்.

அவள் மூக்கில் வைத்தாள், கதவில் வைத்தாள், இரண்டு செட்டையிலும் வைத்தாள். இடது பக்கம் வந்தபோது அந்த வட்டப் பித்தானைக் கண்டாள். பொட்டு வைக்கவென்றே செய்து வைத்த இடம் மாதிரி இருந்தது அது. மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, அதன் நடுவில் அழகாக ஒரு பொட்டு வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டாள். அரியரத்தினம் மற்றப் பக்கத்தில் நின்றார். சுற்றி வந்தபோதுதான் கண்டார்.

பெர்னார் விரலை உயர்த்திச் சொன்னது நினைவுக்கு வந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் கற்பூரத்துக்கும் இல்லையென்று, தேங்காய்க்கும் இல்லையென்று சொல்லியாயிற்று. இப்போது பொட்டையும் அவள் கண் முன்னால் அழிப்பதா? வைத்த பொட்டை அழிப்பது என்ன சகுனம் என்று அவருக்கும் தெரியும். அவள் தூக்கைத் திறக்கத் திரும்பிய நேரம் பார்த்து, பெருவிரலால் அழுத்தி ஒரு துடை துடைத்தார். பித்தான் பளிச்சென்று ஆனது. துளைக்குள் மட்டும் மஞ்சளாய் இருந்தது. அவருடைய விரல்தான் அதை உள்ளே தள்ளியது.

குழாயைக் கழற்றி ஊதவேண்டும், அதற்கு இருக்கைக்குப் பின்னால் மூடியைத் திறக்கவேண்டும். நாகேஸ்வரி "வாங்கோ, பொங்கல் ஆறுது" என்று கூப்பிட்டாள். கொட்டகையைப் பூட்ட ஆள் வந்து நின்றான். காலமை பார்ப்போம் என்று அவர் போய்விட்டார்.

காலையில் அவருக்கு மறக்கவில்லை. பெர்னார் விமானத்தைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தார். பொட்டுகளைக் கண்டு சிரித்தார். இடது பக்கப் பித்தானைக் குனிந்து பார்த்து, விரலால் தடவி, நிமிர்ந்தார். வெளியே சுத்தமாய் இருந்ததால் கிழவரின் கண்ணில் ஒன்றும் படவில்லை. அரியரத்தினம் வாயைத் திறந்தார். சொன்னால் பெர்னார் இன்றைக்கு வேண்டாம், கழற்றுவோம் என்பார். குருக்கள் குறித்த நேரம் முடியப் போகிறது. நாகேஸ்வரி பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்சச் சந்தனம்தானே, காற்று அடிக்க உதிர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடினார்.

தரையில் ஓடும்போது முள் சரியாகத்தான் காட்டியிருக்கும். மேலே எழும்ப எழும்ப, உள்ளே அடைபட்ட காற்று தரையின் காற்றாகவே இருந்ததால், வேகம் விழுந்துகொண்டு போவதாக முள் காட்டியது. விமானத்துக்கு ஒரு குறையும் இல்லை, இயந்திரம் நன்றாகவே ஓடியது. ஆனால் வேகம் குறைந்தால் விழுவோம் என்பது பறக்கிறவனின் முதல் பாடம். பெர்னார் முள்ளை நம்பி மூக்கைத் தாழ்த்தினார். தாழ்த்துவதற்கு உயரம் போதாது. ஓடுபாதை முடிகிற இடத்தில் வாய்க்கால் கரையும் ஒரு வரிசை மரமும் இருந்தன, விமானம் அந்த மரங்களில் போய் மோதியது. சுசான் கையை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அரியரத்தினம் ஓடினார். போய்ச் சேர்ந்தபோது பெர்னாரின் உயிர் போயிருந்தது, செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

விசாரணைக்கு வந்தவர் சில வாரம் கழித்து அவரைக் கூப்பிட்டார். துளை அடைத்திருந்தது, உள்ளே காய்ந்த மஞ்சள் பசை, இது என்ன, யார் வைத்தது என்று கேட்டார்.

"சந்தனம். எங்கள் வழக்கம். நான்தான் வைத்தேன்" என்றார் அரியரத்தினம்.

"வெறுமனே வைத்தால் இவ்வளவு உள்ளே போகுமா?"

"அழுத்தி வைத்துவிட்டேன்."

பாதி பொய், பாதி உண்மை. வீட்டில் அவர் சொன்னது முழுப் பொய். "என்ஜினிலை ஏதோ பிழையாம்" என்றார். நாகேஸ்வரி நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை. அவளுக்கு ஒரு கணக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கு அடுத்ததாக ஏறவிருந்தது தன் புருஷன், பூசை செய்தபடியால்தான் அவர் தப்பினார் என்று அவள் லாச்சப்பல் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். "பாவம் அந்த மனிசன். ஆனால் நான் வைச்ச பொட்டு இவரைக் காப்பாத்திப்போட்டுது" என்று கடை வாசலில் அவள் சொல்லும்போது, அரியரத்தினம் பெட்டி இறக்கிக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமைகளில் அவர் பேரில் அர்ச்சனையும் செய்வித்தாள். அந்த விபூதியை அவர் பூசிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

இலையுதிர்காலத்தில் ஒரு நாள் சுசான் வீட்டுக்கு வந்தார். உடம்பு பாதியாய்ப் போயிருந்தது. நாகேஸ்வரி கோப்பி ஊற்றிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அரியரத்தினம் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். சுசான் அவளைப் பார்த்துத்தான் பேசினார், மெதுவாக, அவளுக்கு விளங்குகிற பிரெஞ்சில்.

"விசாரணை முடிந்துவிட்டது, மதாம். அந்த மஞ்சள் பசைதான் துளையை அடைத்திருக்கிறது. உங்கள் கணவர் மறைக்கவில்லை. கேட்டவுடனே நான்தான் வைத்தேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது. ஆனால் பொய் சொல்லாத மனிதர் மேல் வழக்குப் போட எனக்கு மனம் வரவில்லை."

நாகேஸ்வரி கோப்பையைக் கீழே வைத்தாள். "என்ன மஞ்சள்? என்ன துளை?" என்று தமிழில் கேட்டாள். அரியரத்தினம் கோப்பையையே பார்த்தார். அவளே யோசித்தாள். இடது பக்கம், வட்டமாய், பித்தான் மாதிரி. யோசித்து முடிந்தது அவள் முகத்தில் தெரிந்தது.

"செ முவா" என்றாள் சுசானைப் பார்த்து. "அவர் இல்லை, மதாம். நான். இந்த விரலால் வைத்தேன்."

சுசான் அவள் நீட்டிய விரலைப் பார்த்தார். தொடவில்லை. "தெரியாமல் செய்தீர்கள்" என்று சொல்லி எழுந்தார். கோப்பி அப்படியே இருந்தது.

கதவு சாத்தியதும் நாகேஸ்வரி அரியரத்தினத்தின் தோளில் விழுந்து அழுதாள். "என்னைக் காப்பாத்தவோ பழியை உங்கடை தலையிலை போட்டுக்கொண்டு இருந்தனியள்?" என்றாள். கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அவர் அவளுடைய முதுகைத் தடவினார். அந்த நேரம் சொல்லியிருக்கலாம், அது முடியாத காரியமல்ல. அவர் தடவிக்கொண்டே இருந்தார். நல்லவன் என்று ஒருத்தி நினைப்பது சுகமாய் இருந்தது, அவ்வளவுதான். அது கேவலமான சுகம், அதுவும் அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நாகேஸ்வரி சாமியறைக்குள் போகவில்லை. விளக்கை அரியரத்தினமே ஏற்றினார். அவள் பொட்டு வைப்பதை விட்டாள், லாச்சப்பலுக்கு வருவதை விட்டாள், ஆவணியில் தேர் வந்தபோதும் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். கன்ரீனில் பிள்ளைகளை அதட்டுவதும் நின்றுபோயிற்று. சமைக்குமுன் அந்த ஒரு விரலைச் சவர்க்காரம் போட்டுப் போட்டுத் தேய்ப்பாள், தோல் உரிந்து சிவந்துவிட்டது. "கொலை செய்த கை" என்று ஒரு நாள் தனக்குத்தானே சொல்வது அவருக்குக் கேட்டது. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று அவர் ஒவ்வொரு நாளும் கமியோனில் ஒத்திகை பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் சோறு போட்டு வைத்திருப்பாள். சாப்பிடுவார்.

அடுத்த வருடம் தர்மிளாவுக்குக் கலியாண எழுத்து. பொண்டி நகரசபையில் காலையில் கையெழுத்து வைப்பது. சேலை உடுத்துவிட்டு அவள் குசினி வாசலில் வந்து நின்றாள். வெளிக்கிடுமுன் தாய் சந்தனப் பொட்டு வைத்துவிடவேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ, கிண்ணத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"நான் வைக்கமாட்டன், பிள்ளை. மாப்பிள்ளையின்ரை அம்மாவைக் கொண்டு வைப்பி."

தர்மிளா பிரெஞ்சில் ஏதோ கெஞ்சினாள். நாகேஸ்வரி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "இந்தக் கை உனக்கு வேண்டாம்" என்றாள். பிள்ளை கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, அழுதுகொண்டே மாடிக்கு ஏறிப் போனாள்.

அரியரத்தினம் மேசையில் இருந்தார். கோட் போட்டாயிற்று. இனிமேல் ஒத்திகை பார்க்க நாள் இல்லை என்று அவருக்கு விளங்கியது.

"நாகேஸ், உம்முடைய பொட்டாலை ஒண்டும் நடக்கேல்லை" என்றார். "நீர் மேலாலைதான் வைச்சனீர். நான் அண்டைக்கே கண்டனான். நீர் திரும்பி நிக்கேக்கை பெருவிரலாலை துடைச்சன். அதுதான் உள்ளுக்குப் போனது. அடைச்சால் முள்ளுப் பொய் சொல்லும் எண்டு எனக்குத் தெரியும். காலமை பெர்னாருக்குச் சொல்ல வாயெடுத்தனான். நேரம் போயிடும் எண்டு சொல்லேல்லை."

அவள் அடுப்பை அணைத்தாள். எதிரே வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"சுசானுக்கு நான் விரலைக் காட்டேக்கை நீங்கள் எனக்குப் பக்கத்திலைதானே இருந்தனியள்?"

"ஓம்."

"நான் சாமியறைக்குப் போகாமல் திரிஞ்சதைக் கண்டனியள்?"

"ஓம்."

"இந்த விரலை உரஞ்சி உரஞ்சிக் கழுவினதை?"

"அதையும் கண்டனான்."

"பாத்துக்கொண்டு சாப்பிட்டனியள்" என்றாள் நாகேஸ்வரி.

கையைத் துடைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த கிண்ணத்தை எடுத்தாள். மாடிப்படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"எழுத்து முடிஞ்சு வரேக்கை சுசான் வீட்டு வாசல்லை என்னை இறக்கிவிடுங்கோ. நான் போய்ச் சொல்லுறன். உங்களை நம்பி விட்டால் அந்த மனிசியும் தெரியாமலே செத்துப்போகும்."

அரியரத்தினம் மேசையில் இருந்த சாவியை எடுத்தார். "ஓம்" என்றார்.